சிவப்புக் கண்ணாடி போட்ட தவளை சாறு

மனிதனின் கண்ணைப் பற்றி இவ்வளவு தெரிந்த, கண்ணெதிரே நிற்கும் மனிதனைப் பற்றி இவ்வளவு தெரியாத இன்னொரு ஜென்மம் நெய்யாற்றங்கரைக்குத் தெற்கே பிறந்ததில்லை. இனிப் பிறந்தாலும் ஊர் தாங்காது.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. யாரும் அதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கு அவர் தவளை சாறு. எங்கள் பக்கத்தில் 'சார்' என்பதை அழுத்தி 'சாறு' என்போம். தவளை சாறு வீட்டில் குடியிருக்கிறேன் என்று நான் சொன்னதைக் கேட்ட மதுரை நண்பன், வந்து தங்கிய இரண்டு நாளும் ரசம் ஊற்றிக்கொள்ளவே இல்லை.

சாறு முப்பது வருடம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் விழித்திரையை ஆராய்ந்தவர். தவளையின் கண்ணிலிருந்து ஒரே ஒரு செல்லைப் பிரித்தெடுத்து, அதன்மேல் வெளிச்சத்தின் ஆகச்சிறிய துணுக்கை விழவிட்டு, அது அசைந்து கொடுக்கிறதா என்று பார்ப்பது அவர் உத்தியோகம். கொடுத்தது. அதற்காக அவருக்குப் பதக்கம் எல்லாம் தந்தார்கள். "தவளைக்கு என்ன குடுத்தாவ?" என்று டீக்கடை மணியன் கேட்டார். சாறு அன்றைக்குப் பாதி டீயிலேயே எழுந்து போய்விட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓய்வு பெற்று, பாறசாலைக்குப் பக்கத்தில் இருந்த தன் குடும்ப வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டின் முன்பக்க அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். டுட்டோரியல் காலேஜ் வாத்தியார் வேலை எனக்கு.

கண் விஞ்ஞானி வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு வெள்ளறடையிலிருந்துகூட ஆட்கள் ஆட்டோ பிடித்து வந்தார்கள். கண்ணில் புரை வளர்ந்த ஒரு பெரியவரை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு சாறு சொன்னார்: "உங்களுக்க குறை கண்ணுக்க முன்பக்கத்திலயாக்கும். நான் பின்பக்கத்து ஆளு." பெரியவர் அடுத்த ஆட்டோவில் திரும்பிப் போனார். அதோடு கூட்டம் நின்றது.

ஆராய்ச்சி மட்டும் நிற்கவில்லை. ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் புகைப்புரை ஒன்று கொல்லையில் சும்மா கிடந்தது. அதன் சந்துபொந்துகளில் எல்லாம் கறுப்புத் துணி அடைத்து இருட்டறை ஆக்கினார். இருட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்தால்தான் மங்கலில் பார்க்க உதவும் கண்ணின் குச்சி செல்கள் முழுசாக விழிக்குமாம். தபால்காரர், பால்காரர் என்று அகப்பட்டவர்களையெல்லாம் உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். குச்சி செல்கள் விழித்தனவோ என்னவோ, ஆட்கள் தூங்கினார்கள். குன்னத்துகாலிலிருந்து ஒருவர், வீட்டில் மனைவி பேச்சு தாங்காமல், தூங்குவதற்கென்றே சைக்கிள் மிதித்து வருவார். அறிவியலுக்கு இவ்வளவு தொண்டு செய்தவர் ஜில்லாவில் வேறு யாருமில்லை என்று சாறு அவரை மெச்சினார்.

எந்த நிமிடமும் இருட்டறைக்குள் போகவேண்டி வரலாம் என்பதால் சாறு பகலெல்லாம் சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்தார். சிவப்பு வெளிச்சம் அந்தச் செல்களைத் தொந்தரவு செய்யாதாம். தொந்தரவெல்லாம் ஊருக்குத்தான். சிவப்புக் கண்ணாடி வழியாக வெள்ளையும் சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும். நான் சிவப்பு மையால் திருத்திய விடைத்தாள்களைப் புரட்டிவிட்டு, "ஒரு தப்பும் காணலியே, பின்ன எதுக்கு பயல தோக்கடிச்சீரு?" என்று கேட்டார். ஜங்ஷனில் செங்கொடி ஊர்வலம் வந்த அன்று நடுரோட்டில் போய் நின்று, வெள்ளைக் கொடி பிடித்துக்கொண்டு யாரிடம் சரணடையப் போகிறீர்கள் என்று அக்கறையாக விசாரித்தார். அதற்குப் பிறகு எந்த ஊர்வலம் வந்தாலும் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கோஷம் கூடுதலாகக் கிடைத்தது.

இப்படிப்பட்டவர்தான் ஜீப் சுகுவின் குடும்ப விஷயத்தில் தலையிட்டார்.

சுகு பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் ஆள் ஏற்றி டிரிப் ஜீப் ஓட்டுபவன். முப்பது வயது. பகலில் அவனைப்போல நிதானமான டிரைவர் கிடையாது. அந்தி சாய்ந்தால் ஜீப்பை எங்காவது ஓரங்கட்டிவிட்டு இறங்குவான், இறங்கினதும் தள்ளாடுவான். திண்டில் தடுக்குவான், தென்னையில் முட்டுவான், வணக்கம் சொன்னவர்களைத் தாண்டிப் போவான். மாலையில் மட்டும் அளவாகக் குடிக்கிற ஒழுக்கமான குடிகாரன் என்று ஊர் முடிவு செய்திருந்தது. அவனும் மறுக்கவில்லை.

ஒரு சாயங்காலம் மணியன் கடைக்குள் நுழைந்தவன் பெஞ்சில் இடித்து, இரண்டு பேருடைய டீயைக் கவிழ்த்தான். வழக்கம்போல எல்லோரும் சிரித்தோம். சாறு எழுந்து போய், அத்தனை பேர் முன்னால், அவன் வாயருகே மூக்கை வைத்து முகர்ந்தார்.

"சாராய மணம் இல்ல. வெறும் ஏலக்காயாக்கும், குடிச்சவன் மணம் மறைக்க மெல்லுதது," என்று அறிவித்தார். பிறகு, அந்தி நேரத்தில் கண் தெரிகிறதா என்று கேட்டார். சுகு அவரை ஒரு கெட்டவார்த்தை சொல்லித் திட்டிவிட்டு வேகமாக வெளியேறி, கதவு நிலையில் முட்டினான்.

அந்த வாரமே அவன் மாமனார் பாலராமபுரத்திலிருந்து வந்து இறங்கினார். தறி நெய்கிறவர்; கறாரானவர். குடிகாரனோடு மகள் லதா இனி வாழ வேண்டாம் என்று கூட்டிப்போக வந்திருந்தார். லதா துணியெல்லாம் மூட்டை கட்டிவிட்டாள். சேதி கேட்ட சாறு, யாரும் கூப்பிடாமலே அந்த வீட்டுக்குள் போய், எல்லோரும் உடனே தன் புகைப்புரைக்கு வரவேண்டும் என்றார். இவர் பஞ்சாயத்து பேசக் கூப்பிடுகிறார் என்று மாமனார் நினைத்தார். சாட்சிக்கு நானும் போனேன்.

பட்டப்பகல். உள்ளே கை தெரியாத இருட்டு, ரப்பர் நாற்றம். மாமனார் அந்த அரைமணியை வீணாக்கவில்லை. மருமகனுடைய குற்றங்களைக் கல்யாணப் பந்தலிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொன்னார். பேசுவதற்கும் கண்ணுக்கும் சம்பந்தமில்லை, தாராளமாகப் பேசலாம் என்று சாறு ஊக்கப்படுத்தினார்.

பிறகு சாறு தன் கருவியை இயக்கினார். பிஸ்கட் டின்னில் ஊசித்துளை போட்டு உள்ளே பல்பு வைத்தது. சுவரில் மின்மினிபோல மங்கலாக ஒன்று கசிந்தது. எனக்குத் தெரிந்தது. மாமனார் வலது மூலையில் என்றார். லதாவும் ஆமாம் என்றாள். சுகுவிடமிருந்து சத்தம் வரவில்லை. சாறு வெளிச்சத்தைக் கூட்டினார். கேட்டார். மறுபடியும் கூட்டினார். கடைசியில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் அளவுக்கு வெளிச்சம் வந்துவிட்டது. சுகு மட்டும் வேறெங்கோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். லதா மெல்ல எழுந்து அவன் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினாள். அவன் இமைக்கவில்லை.

அவள் அழுகிற சத்தம் கேட்டுத்தான், தான் பிடிபட்டுவிட்டது அவனுக்குப் புரிந்தது.

"எனக்குத் தெரியும் சாறே," என்றான். "எனக்க அப்பனுக்கும் இது உண்டு. குடிகாரன்னு சொன்னா ஜீப்பு ஓட்டலாம், பெண்ணு கெட்டலாம். கண்ணு தெரியாதவன்னு சொன்னா முடியாதுல்லா?"

ஊரைப் பற்றி இதைவிடச் சரியான ஆராய்ச்சி முடிவை நான் அதுவரை கேட்டதில்லை.

சாறு அவன் சட்டைப்பையில் கைவிட்டு ஜீப் சாவியை எடுத்து லதாவிடம் கொடுத்தார். குச்சி செல்கள் ஒவ்வொன்றாகச் சாகிற நோய் என்றும், பக்கவாட்டுப் பார்வையும் சுருங்கி வருவதால் பகலில்கூட இனி ஓட்டக்கூடாது என்றும் சொன்னார். மருந்து என்ன என்று மாமனார் கேட்டார். இல்லை என்றார் சாறு. மாமனாருக்கு அந்த முப்பது வருடப் படிப்பின்மேலேயே கோபம் வந்தது.

"முப்பது கொல்லம் படிச்சது மருந்து இல்லேன்னு சொல்லியதுக்கா?"

"முப்பது கொல்லம் படிச்சதுனாலதான் இல்லேன்னு இவ்வளவு உறுதியா சொல்லுதேன்."

எந்தக் கேள்விக்கும் இரண்டு மணி நேரம் பதில் சொல்லக்கூடிய மனிதர், கதவைத் திறந்துவிட்டு, சிவப்புக் கண்ணாடியைக்கூடப் போடாமல் வெளியே வெயிலில் போய் நின்றார்.

மாமனார் தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு பாலராமபுரம் திரும்பினார். லதா மூட்டையைப் பிரித்தாள். ஜீப் வேறு கைக்குப் போயிற்று. சுகு ஜங்ஷனில் லாட்டரிச் சீட்டு மேசை போட்டான். ஊருக்குத்தான் பெரிய நஷ்டம். "குடிகாரன்னு சொல்லிச் சிரிச்சோம். இனி என்னத்தச் சொல்லிச் சிரிக்க?" என்று மணியன் வெகுநாள் வருத்தப்பட்டார்.

சாயங்காலம் மேசையை மடக்குகிற நேரத்துக்கு சாறு அங்கே போய்விடுவார். சுகுவின் கையைப் பிடித்து வீடுவரை கொண்டுபோய் விடுவார். துணைக்கா என்று யாராவது கேட்டால், துணையெல்லாம் இல்லை, ஆராய்ச்சி என்று எரிந்து விழுவார். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே நடப்பார்: காலைத் தூக்கி வை, அங்கே ஓடை, இங்கே கல், உனக்கு எத்தனை தடவை சொல்வது என்று.

ஒருநாள் அவர்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். ரப்பர் தோட்டத்தைத் தாண்டியதும் இருவரும் நின்றார்கள்.

"நட்சத்திரம் வந்தாச்சா சாறே?" என்று சுகு கேட்டான்.

"ரெண்டு வந்தாச்சு. நில்லு மக்கா, மூணாவது இப்ப வரும்."

நானும் சத்தம் போடாமல் நின்றேன். அது வரும்வரை.