எங்கள் தண்ணீருக்கு வலு அதிகம்

அரைகுறையாக வேதியியல் படித்தவனைத் தொழில் நடக்கும் இடத்தில் விடக்கூடாது. நான் முழுதாகவே படித்தவன். அதனால் சேதமும் முழுதாக இருந்தது.

ஓசூருக்கு வெளியே ஒரு சிறு தொழிற்பேட்டையில் கௌரி அக்காவும் மாமாவும் இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறார்கள். வேலை கிடைக்காத அந்த நாட்களில் நான் அவர்களோடு இருந்தேன். (“ஓய்வுல இருக்கான்” என்று அக்கா கௌரவமாகச் சொல்வாள்.)

பேட்டை முழுவதற்கும் ஒரே சாக்கடை, ஒரே சுத்திகரிப்பு நிலையம். எங்கள் கழிவுநீர் மற்றவர்களுடையதைவிட வலுவாக இருப்பதால் இனி கூடுதல் கட்டணம் கட்டவேண்டும் என்று ஒருநாள் நிர்வாகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள்.

“வலுவா? நாம என்னா சாராயமா காய்ச்சறோம்? கிரைண்டர் கழுவுற தண்ணிடா அது!” என்றாள் அக்கா.

“மாவுத் தண்ணியச் சுத்தம் பண்ற கிருமிங்களுக்கு நெறைய காத்து ஊதணும்க்கா. கரண்டு செலவு. அதான் கூட கேக்கறாங்க.”

“நம்ம மாவையே தின்னுட்டு நம்மகிட்டயே காசு கேக்குதா அந்தக் கிருமி?”

மாமா சிரிக்கவில்லை. பாக்கெட் விலையை ஏற்றினால் கடைக்காரர்கள் பெங்களூர் மாவுக்கு மாறிவிடுவார்கள். விழுந்திருந்த அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குள் விஞ்ஞானி விழித்துக்கொண்டான்.

கிரைண்டரை முதலில் கழுவும் கெட்டித் தண்ணீரை நீல டிரம்மில் பிடித்து, பக்கத்தில் மாடு வளர்க்கும் முனிராஜப்பாவுக்குக் கொடுத்துவிடுவது. சாக்கடைக்கு வெறும் அலசின தண்ணீர் மட்டும். (யோசனையில் பிழையே இல்லை. இன்றுவரை சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை.) ஈ மொய்க்கிறது என்று அக்கா முணுமுணுத்தாள். நான் டிரம்மை மூடி, மூடியைச் சுற்றி இரும்பு வளையம் போட்டு இறுக்கினேன்.

நாங்கள் கேட்டுக்கொண்டபடி மறுபரிசோதனைக்கு ஆள் வரவிருந்த வாரம் பார்த்து முனிராஜப்பா கல்யாணத்துக்கு அத்திப்பள்ளி போய்விட்டார். சித்திரை வெயிலில் கொதிக்கும் தகரக் கூரைக்கடியில் டிரம் அப்படியே நின்றது.

பரிசோதனைக்குச் சாக்கடைத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துப்போக வந்தவர் நாகேஷ். வேப்பனப்பள்ளிக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு டிரம்முக்குப் பக்கத்திலேயே இருந்த சாக்கடைத் தொட்டி அருகே பாட்டிலும் கையுமாகக் குனிந்திருந்தார்.

“சார், இதப் பாருங்க. ஒரு சொட்டு வெளிய போகாது!” என்று வளையத்தைத் தளர்த்தினேன்.

மூடி கூரைத் தகட்டில் போய் மோதியது. புளித்த நுரை பீறிட்டு அடித்தது. பயத்தில் டிரம்மைக் கட்டிப்பிடித்தேன். பிடித்த வேகத்தில் சாய்த்தும் விட்டேன். மொத்தமும் நாகேஷ் மேலும் தொட்டிக்குள்ளும் கொட்டியது.

“அம்மோ!” என்றார் நாகேஷ். அதற்குமேல் வாயைத் திறக்க முடியவில்லை. கையிலிருந்த பாட்டில் தானாக நிரம்பியிருந்தது.

அக்கா பக்கெட் பக்கெட்டாக அவர் தலையில் தண்ணீர் ஊற்றினாள். மாமா, கல்யாணங்களுக்கு மட்டும் போடும் தன் பட்டுச்சட்டையைக் கொடுத்தார். அதில் இரண்டு நாகேஷ் நுழையலாம். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தேன். கூடுதல் கட்டணம் இருக்கட்டும், பேட்டையை விட்டே துரத்துவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சுடச்சுட தோசை தின்றபடி நாகேஷ் பாட்டிலைப் பார்த்தார். “இத நான் எடுக்கலிங்க, அதுவா வந்து ஏறிக்கிச்சு. கணக்குல எப்படி எழுதறது? அடுத்த வாரம் வரேன்.” பிறகு மெதுவாக, “அந்தத் தம்பி சாப்பிட்டாரா?” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. (மாவும் பட்டிருந்தது.)

அடுத்த பரிசோதனையில் எங்கள் தண்ணீர் தேறியது, கூடுதல் கட்டணமும் நின்றது. ஆனால் அந்தப் பரிசோதனை நாளில் நடந்ததுதான் நிலைத்துவிட்டது. மேகமே இல்லாத உச்சி வெயிலில் நாகேஷ் வாசலில் பைக்கை நிறுத்தி, பையிலிருந்து மழைக்கோட்டை எடுத்து, தொப்பியையும் மாட்டிக்கொண்டு, சிரிக்காமல் கேட்டார்:

“தம்பி உள்ள இருக்காரா?”

அக்கா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதன்பின் அவர் எப்போது வந்தாலும் அப்படித்தான். இப்போது நான் வீட்டில் ஊறுகாய் ஜாடியைத் திறக்கப் போனால்கூட, அன்று பிறந்தே இராத என் மகள் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு மழைக்கோட்டு எடுக்க ஓடுகிறாள்.