பண்டாரவளைக்கு ஒரு மழைக்கோட்

கிட்ட வந்து இருங்கள், செல்லங்களே. மழைக்கோட்டுக்குள் மாட்டுப்பட்ட ஒரு மாப்பிள்ளையின் கதை வைத்திருக்கிறேன். சண்டைக்காலத்துக் கதைதான், ஆனாலும் சிரிக்கிற கதை.

கொச்சிக்கடையில் வாங்கிய பச்சை மழைக்கோட்டை அழகு பார்க்கப் போட்டுக்கொண்டு நவரத்தினம் வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கினான். பத்தடி நடக்கவில்லை, செக் பொயின்ற்றில் மறித்துவிட்டார்கள்.

"இது ஆமிக் கலர். சிவிலியன் போட ஏலாது. கழட்டு!"

கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தான்.

"நல்ல காலம், காற்சட்டையை விட்டாங்கள்" என்றாள் மனைவி நேசமலர்.

"பகிடி விடாதையும். பொங்கலுக்கு இன்னும் எத்தினை நாள் கிடக்கு? உம்மட அப்பா சொன்னது நினைவிருக்கே?"

அதை யார் மறப்பார்கள்! நேசமலரின் அப்பா தியாகராசா, பண்டாரவளைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கர். மகள் ஒரு மோட்டார் சைக்கிள்காரனோடு ஓடிப்போனாள் என்று ஆண்டுக்கணக்காய் அவளோடு பேச்சுப் பறைச்சல் இல்லை. இப்போதுதான் மனம் இளகித் தொலைபேசியில் கதைத்தார்: "பொங்கலுக்கு வாங்கோ. அந்த மோட்டார் சைக்கிளிலயே வாங்கோ, அவன்ர வீரத்தையும் ஒருக்காப் பாப்பம். குளிருக்குச் சுருண்டு விழுந்தானெண்டால் வாசலோட திருப்பி அனுப்பிப்போடுவன்."

நவரத்தினமோ அகப்பைக் காம்பு மாதிரி ஆள். மின்விசிறியைக் கூட்டி வைத்தாலே தும்முவான். கொழும்பில் வெயில், பலாங்கொடையில் மழை, அப்புத்தளையில் பனி. மூன்றையும் தாண்டி மாமனார் வாசலில் நிமிர்ந்து நிற்கவேண்டும்.

மறுபடி கொச்சிக்கடைக்கு ஓடினான்.

"பச்ச போச்சா? கவலப்படாதீங்க தம்பி" என்றார் கடைக்கார ஹமீட் நானா. "இந்தாங்க, ஹாபர்ல வேல செய்ற ஆக்கள் போடுற கறுப்பு ரப்பர் கோட். கடலே மேல உழுந்தாலும் ஒரு சொட்டு உள்ளுக்கு வராது."

"உள்ளுக்கு வேர்த்தால்?"

"அதும் ஒரு சொட்டு வெளிய போகாது!"

கோட்டோடு ஒரு தடித்த கபில நிற ஜக்கெற்றையும், முகம் முழுக்க மூடுகிற இரண்டு ஹெல்மெற்றுகளையும் நானா தலையில் கட்டிவிட்டார்.

பொங்கலுக்கு முதல்நாள் விடிய, நேசமலர் தன் பங்குக்கு அவன் நெஞ்சில் பேப்பர் அடுக்கினாள். அதன்மேல் ஜக்கெற். காதுக்குப் பஞ்சு. கடைசியாக, சுடுதண்ணீர்ப் பையில் கொத்தமல்லித் தண்ணீரை நிரப்பி வயிற்றில் வைத்துச் சீலைத்துண்டால் இறுக்கிக் கட்டினாள்.

"போகும்வரைக்கும் சூடு. போனாப் பிறகு குடிக்கலாம்."

"எனக்கு மூச்சு விட இடமில்லையப்பா."

"அதைப் பண்டாரவளையில போய் விடுங்கோ."

தனக்கு அவள் எடுத்துக்கொண்டது சிவப்புப் பூப்போட்ட ஒரு மழைக்கோட் மட்டும்.

நகரத்து எல்லைச் செக் பொயின்ற்றில் கறுப்புக் கோட்டைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தான். வயிற்றில் பொம்மென்று ஒரு கட்டு!

"அத உஸ்ஸன்ன!"

கையைத் தூக்கச் சொன்னார்கள்; இரண்டும் மேலே போயின. சிப்பாய்கள் நாலு பேரும் பின்னால் போனார்கள்.

"ஐயோ, அது கொத்தமல்லி!" என்று நேசமலர் கத்தினாள். தமிழில் கத்தினாள், சிங்களத்தில் கத்தினாள். ஒருவரும் நம்பவில்லை.

"பீலா பென்னன்ன" என்றான் ஒரு சிப்பாய். குடித்துக் காட்டவேண்டுமாம்.

பை முழுவதையும் குடித்துக் காட்டினான் நவரத்தினம். கடைசி மடக்கில் சிப்பாய்க்கும் இரக்கம் வந்து, "இஞ்சியும் போட்டதா?" என்று கேட்டான்.

உயிர் தப்பியது. ஆனால் வயிற்றுக்குள் போன கொத்தமல்லி சும்மா இருக்குமா? அவிசாவளையில் ஒருதரம் வண்டி நின்றது. இரத்தினபுரிக்குள் மூன்றுதரம். ஒவ்வொரு தரமும் ரப்பர் கோட், ஜக்கெற், பேப்பர் என்று வெங்காயம் மாதிரி உரிக்கவேண்டும், திரும்பவும் மாட்டவேண்டும். கடைசித் தரம் அவசரத்தில் கோட்டை ஒரு இறப்பர் மரக்கிளையில் தொங்கவிட்டான். இறப்பர் மரத்தோடேயே அது நின்றுவிட்டது.

மலையேறத் தொடங்கியதும் மழை கொட்டியபோதுதான் நினைவு வந்தது.

"கோட் எங்கை?" என்றாள் நேசமலர்.

"மரத்தில."

"மரம் நனையாது. சரி, இந்தாங்கோ." தன் சிவப்புப் பூக் கோட்டைக் கழற்றி நீட்டினாள்.

"உமக்கு?"

"நான் குளிர் ஊரில பிறந்தவள். அப்பான்ர வாசலில சோதனை உங்களுக்குத்தானே."

ஜக்கெற்றோடு அந்தச் சின்னக் கோட்டுக்குள் நுழைய முடியவில்லை. ஆகவே ஜக்கெற் அவளுக்கு, பூக் கோட் அவனுக்கு என்றாயிற்று. அப்புத்தளைப் பனியில் ஹெல்மெற் கண்ணாடியெல்லாம் பால்போல வெளுத்துவிட, நவரத்தினத்தின் பற்கள் தாளம் போட்டன. கால் மரத்தது. கை மரத்தது. 'விழப்போகிறேன், வாசலில் விழத்தான் போகிறேன்' என்று கந்தசுவாமியாரைக் கும்பிட்டபடியே தோட்டத்துக் கேற் வரைக்கும் வந்து சேர்ந்தான்.

வண்டிச் சத்தம் கேட்டுத் தியாகராசா குடையோடு ஓடிவந்தார். பின்னால் சமையல்கார மயிலம்மா.

வண்டியை விட்டு இறங்கியதும் நவரத்தினத்தின் முழங்கால் மடிந்தது. அதற்குள் இரண்டு பெரிய கைகள் அவனை இறுக்கி அணைத்துக்கொண்டன.

"என்ர குஞ்சு! எத்தினை வருசம்! குளிருதோடி ராசாத்தி?"

நவரத்தினத்துக்கு வாய் திறந்தது; பல் கிடுகிடுத்ததே தவிரச் சொல் வரவில்லை. மாமனாரின் சால்வைக்குள் நல்ல இதமாகவும் இருந்தது.

தியாகராசா அவனை அணைத்தபடியே ஜக்கெற் உருவத்தின் பக்கம் திரும்பினார். "டேய்! உனக்குத் தடிச்ச ஜக்கெற், என்ர பிள்ளையை இந்த மெல்லிய கோட்டோட விறைக்க விட்டிருக்கிறாய்! அண்டைக்கும் இப்பிடித்தானே பின்னால ஏத்திக்கொண்டு பறந்தனீ?"

ஜக்கெற் உருவத்தின் தோள்கள் ஹெல்மெற்றோடு குலுங்கின.

"ஏனடா அழுறாய்? ஆம்பிளைதானே?"

மயிலம்மா கிட்ட வந்து, இரண்டு உருவங்களையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஐயா, நீங்க கட்டிப்புடிச்சிக்கிட்டு நிக்கிறது மருமகனை. வண்டி ஓட்டிக்கிட்டு வந்ததுதான் நம்ம பாப்பா. அன்னைக்கு அவரைப் பின்னால தூக்கி வச்சிக்கிட்டுப் போனதும் அதுதான்!"

உங்கள் வீட்டு வண்டியை யார் முன்னுக்கு இருந்து ஓட்டினாலும் சரி, கண்ணுகளே, பின்னுக்கு இருப்பவர் நனையாமல் இருக்கட்டும்; போய்ச்சேர்கிற வாசலில் உங்களை அணைக்க இரண்டு கைகள் இருக்கட்டும்.