மச்சான் கோத்துக் கொடுத்த பெட்டியில் நான் கை வைத்த கதை

அன்புக்கும், உள்ளூரக் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மைத்துனர் அவர்கள் சமூகத்துக்கு,

உங்கள் தங்கையைக் கைப்பிடித்த பாக்கியசாலி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, நீங்கள் உங்கள் கையாலேயே கோத்துக் கொடுத்த கம்ப்யூட்டர் ஆகிய மூவரும் இந்த வரி எழுதும் வரை சௌக்கியம். அங்கே தாங்களும் அக்காவும் அக்காவின் முழங்காலும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். நிற்க. போன மாதம் போனில், “பெட்டி நல்லா ஓடுதா மாப்ளே?” என்று நீங்கள் கேட்டதும், “அதுக்கென்ன மச்சான், ஜம்முனு ஓடுது” என்று நான் சொன்னதும் நினைவிருக்கலாம். அதைச் சொன்னபோது பெட்டியின் பக்கக் கதவு என் மடியில் இருந்தது. இரண்டு திருகாணிகள் என் வாயில் இருந்தன. பேச்சு குழறியதைப் பல்வலி என்று எடுத்துக்கொண்டு, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னீர்கள். கொப்பளித்தேன். நடந்ததை இனியும் மறைப்பது நியாயமில்லை என்பதாலும், இந்த அனுபவத்தில் நான் கண்டறிந்த ஒரு தொழில்நுட்ப உண்மை உங்களைப் போன்ற விஷயம் தெரிந்தவர்களுக்கும் பயன்படும் என்பதாலும் விவரமாக எழுதுகிறேன்.

உங்கள் தங்கை பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் அடுத்தவர் ரத்தத்துக்குப் பெயர் எழுதி ஒட்டிவிட்டு வருவாள், தேநீர் குடிப்பாள், ஹெட்போனை மாட்டிக்கொண்டு பின்னறைக்குள் போய்விடுவாள். ஏதோ விளையாடுகிறாள் என்று தெரியும். எதை, யாரோடு என்று நான் கேட்டதில்லை; எந்த மூக்குக்கு எந்த ஃபிரேம் விற்றேன் என்று அவளும் என்னைக் கேட்டதில்லை. பல நல்ல குடும்பங்கள் இப்படித்தான் நடக்கின்றன. ஒரு நாள் அவள் உள்ளே யாரிடமோ, “படம் திக்குதுப்பா, என்ன பண்றது, பழைய பெட்டி” என்று சொன்னது காதில் விழுந்தது. அந்த வாரம் பார்த்து என் கண்ணாடிக் கடைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். வேலையில்லாத புருஷனுக்கு நல்ல பேர் வாங்கும் ஆசை வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர், “உங்க போர்டு என்ன போர்டு சார்?” என்றார். என் கடையின் பெயர்ப்பலகையில் இருப்பதைச் சொன்னேன். பெட்டிக்குள் இருக்கும் மதர்போர்டைக் கேட்ட அவர், மேற்கொண்டு எதுவும் கேட்காமல், தாமாகவே ஒரு புதிய கிராபிக்ஸ் கார்டையும், ஏற்கெனவே இருந்த இரண்டு ரேமுக்குத் துணையாக இன்னும் இரண்டு ரேமையும், நுனியில் காந்தம் வைத்த ஒரு திருப்புளியையும் எடுத்து வைத்தார்.

திறந்தேன் மச்சான். உள்ளே நீங்கள் ஒயர்களை வாரிப் பின்னி வைத்திருந்த அழகு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளையின் தலை மாதிரி இருந்தது. நான் மூடியபோது அது தூங்கி எழுந்த பிள்ளையின் தலை. கார்டு செங்கல் கனம், செங்கல் நீளம். அதை உட்காரவைக்க நான் செய்த மல்யுத்தத்தில் இரண்டு முறை பெட்டியும் ஒரு முறை நானும் குப்புற விழுந்தோம். ஆனால் உங்கள் தங்கை வந்து உட்கார்ந்து விளையாட்டைத் திறந்தாளே, அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வேன். திரையில் ஒரு புல்வெளி. காற்று அடித்தது. புல்லெல்லாம் சேர்ந்து சாயவில்லை மச்சான், ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக, தன் இஷ்டத்துக்குச் சாய்ந்தது. ஒரு குதிரை நின்றிருந்தது. அது விட்ட மூச்சு ஆவியாகிக் கலைந்தது. பாதி ஆயுளைக் கண் தொழிலில் கழித்தவன் நான். அடுத்தவருக்குத் தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டே பிழைப்பவன். அன்றைக்குத்தான் எனக்கே தெளிவாகத் தெரிந்த மாதிரி இருந்தது. உங்கள் தங்கை, “அட” என்றாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் வாங்கிய உச்சபட்சப் பாராட்டு அது. அதை நான் முழுசாக விழுங்குவதற்குள் திரை கறுத்தது.

அங்கே பிடித்தது சனி. நான் அவசரத்தில் பாய்ந்ததில் ஹெட்போன் ஒயர் பிடுங்கிக்கொண்டது. பெட்டியை எழுப்பி அவள் மறுபடியும் விளையாட்டுக்குள் போனபோது ஸ்பீக்கரில் ஒரே கூச்சல். “தலைவி எங்கப்பா?” “அக்கா போயிட்டாங்களா?” “பூதம் நம்மளை மிதிச்சே முடிச்சிருச்சு!” அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. எந்தெந்த ஊரிலோ உட்கார்ந்திருக்கும் இருபது பேருக்கு உங்கள் தங்கைதான் தலைவி. ‘மலைப்பூதம்’ என்று ஒன்றை வீழ்த்தப் பல மாதமாகப் படை திரட்டிக்கொண்டிருக்கிறாள். எத்தனையோ படைகள் தோற்று ஓடிய பூதம். அதன் பள்ளத்தாக்கு வாசலுக்குப் போய்ச் சேர்ந்த அன்றுதான் நான் செங்கல்லைச் சொருகியிருக்கிறேன்.

உடனே சிகிச்சையில் இறங்கினேன். முதலில் சூடு என்று முடிவு கட்டினேன். கதவைக் கழற்றி, மேசை மின்விசிறியை உள்ளே பார்த்து வைத்தேன். திரைச்சீலை பறந்தது, மின்கட்டண ரசீது ஜன்னல் வழியாக வெளியேறியது, பெட்டி குளுகுளுவென்று செத்தது. அடுத்து மின்சாரம் என்று முடிவு கட்டி, சுமையைக் குறைக்க ஃபிரிட்ஜைப் பிடுங்கினேன். சமையலறையில் நடக்கப் படகு தேவைப்பட்டது. பெட்டி அப்போதும் செத்தது. பிறகு பவர் சப்ளை. பெரியதாக ஒன்று வாங்கி மாட்டினேன், ஒரு ஒயர் மிச்சமானது, பெட்டி மூச்சே விடவில்லை. குழந்தையைத் தூக்குவது போல மடியில் வைத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பின்பக்கம் விரலைக் கொண்டுபோய் ‘டக்’ என்று எதையோ அழுத்தினார், எரிந்தது. மச்சான், பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கிறது. இதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்தால் இப்போது கறுப்புத் திரைக்குப் பதில் நீலத்திரை, அதில் ஒரு சோக முகம், கீழே ஒரு மன்னிப்பு. இந்த வீட்டில் இவ்வளவு மரியாதையாக மன்னிப்புக் கேட்டது அது ஒன்றுதான்.

இதற்குள் படையில் சலசலப்பு. ‘புயல்’ என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்ட ஒருவன் உபதலைவன். ஒரு சாயங்காலம் ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டது: “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பாதிச் சண்டையில நீங்க மறைஞ்சு போறீங்க, எல்லாரும் சாகுறோம். இந்த ஞாயித்துக்கிழமை நான் நடத்தட்டுமா?” உங்கள் தங்கை கோபப்படவில்லை. “இந்த ஒரு வாரம் கொடு. அன்னிக்கும் என் பெட்டி விழுந்தா, படை உன்னோடது” என்றாள். சொல்லிவிட்டு ஹெட்போனை மேசைமேல் வைத்தாள், மெதுவாக. வீசி எறிந்திருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

சனிக்கிழமை காலை அவளே என் கையிலிருந்து திருப்புளியை வாங்கிக்கொண்டாள். “என்னங்க, உங்க கடைக்கு ஒருத்தர் வராரு. நாலு லென்ஸையும் ஒரே நேரத்துல மாத்திட்டு எது சரியாயிருக்குன்னு கேப்பீங்களா?”

“அது எப்படி? ஒண்ணு ஒண்ணா மாத்தித்தான் கேக்கணும்.”

“அப்ப இங்க மட்டும் ஏன் கார்டு, ரேம், ஒயர், ஃபிரிட்ஜுன்னு மொத்தமா கை வச்சீங்க?”

நான் டார்ச்சைப் பிடித்தேன். எல்லாவற்றையும் கழற்றி, ரத்தக் குப்பிகளுக்குச் செய்வது போலவே பெயர் எழுதி ஒட்டி வரிசையாக வைத்தாள். பழைய ரேம் இரண்டை மட்டும் போட்டுச் சோதனை ஓட்டினாள், சுத்தம். புதிய இரண்டை மட்டும், அதுவும் சுத்தம். நான்கையும் போட்டாள். திரை முழுக்கப் பிழை காட்டும் சிவப்பு வரிகள். நான் பெட்டிமேல் சாய்ந்து, “பாத்தியா, பாத்தியா!” என்றேன். “நீங்க போய் டீ போடுங்க” என்றாள். போட்டுக்கொண்டு வருவதற்குள் நான்கு ரேமின் வேகத்தையும் ஒரு படி குறைத்திருக்கிறாள்; ஒரு சிவப்பு வரி இல்லை. இதுதான் மச்சான் நான் கண்டறிந்த உண்மை (டீ போட்டவனுக்கும் பங்கு உண்டு). பழைய ரேம் நல்லது, புதிய ரேம் நல்லது. நால்வரையும் ஒரே வீட்டில் வைத்து, எல்லாரும் ஒரே ஓட்டமாக ஓடுங்கள் என்றால் வீடு தாங்காது. ஆளுக்குக் கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக்கொண்டால் நிம்மதி. கூட்டுக்குடும்பத்துக்கும் இது பொருந்தும். நீங்கள் பெட்டி கோக்கும் மேசைக்கு மேலே இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அறைக்குள் அவள். நிலைப்படிக்கு வெளியே ஒரு முக்காலியில் நான். “தாண்டக் கூடாது. மூச்சைக்கூட அந்தப் பக்கமா விடுங்க” என்று உத்தரவு. ஸ்பீக்கரைத் திறந்து வைத்திருந்தாள். எனக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன். காது வலிக்கிறது என்றாள். திரையில் ஒரு பள்ளத்தாக்கு, பின்னால் ஒரு மலை. மலையில் காடு, காட்டின்மேல் வெயில். நான் அந்த மலையை ரசித்துக்கொண்டிருக்கும்போதே அது கண்ணைத் திறந்தது. மச்சான், அது எழுந்து நின்றது. நின்றபோது தோளிலிருந்து அந்தக் காடு அப்படியே சரிந்து விழுந்தது. பறவைகள் கிளம்பின, ஒவ்வொரு பறவைக்கும் கீழே தனி நிழல் ஓடியது. எதிரே எறும்புச்சாரி போல இருபது பேர். எல்லோருக்கும் முன்னால் நம் வீட்டுப் பெண்.

“புயல், இடது கால். நீ மட்டும். மத்தவங்க அசையக் கூடாது” என்றாள். உப்பு எடுத்துக் கொடுங்கள் என்று கேட்பாளே, அதே குரல். இருபது பேரும் அசையவில்லை. நானும் அசையவில்லை.

“அக்கா, அது என்னையே பாக்குது!”

“பாத்துட்டுப் போகுது. நீ அதைப் பாக்காதே, காலைப் பாரு.”

பாதிச் சண்டையில் படம் நின்றது. பூதத்தின் தூக்கிய கால் அந்தரத்தில். பெட்டிக்குள் மின்விசிறி விமானம் மாதிரி இரைந்தது. நான் முக்காலியைப் பிடித்துக்கொண்டு, ஆயுளில் முதல்முறையாக நான்கு ரேம்களுக்காக மனதாரக் கும்பிட்டேன். படம் அசைந்தது. “இருக்கேன்” என்றாள் உங்கள் தங்கை. அந்த ஒரு சொல்லுக்கு இருபது ஊரில் இருபது பேர் மூச்சு விட்டார்கள். அப்புறம் நடந்ததை என்னால் கோவையாகச் சொல்ல முடியவில்லை. மலை மண்டியிட்டது. பள்ளத்தாக்கே நிழலாயிற்று. பிறகு மெதுவாக, ஒரு ஊரே உட்காருவது போல, சாய்ந்தது. கூச்சலில் ஸ்பீக்கர் அதிர்ந்தது, யாரோ விசும்பினார்கள். புயல், “அக்கா, நான் நடத்தறேன்னு சொன்னேனே, அதை மறந்துடுங்க” என்றான். “எதை?” என்றாள்.

என்னைத் திரும்பிப் பார்த்து, “என்னங்க, கண்ணுல தண்ணி?” என்றாள். “தூசி விழுந்துருச்சு” என்றேன். “மலை விழுந்தது பெட்டிக்குள்ள. தூசி உங்ககிட்ட வந்துச்சா?” என்று கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

மச்சான், கல்யாணத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவ வாயில்லாப் பூச்சி மாப்ளே, பாத்துக்கோங்க” என்றீர்கள். நானும் இத்தனை காலம் அப்படியே நம்பிப் பார்த்துக்கொண்டேன். வாய் இருக்கிறது. அதைத் திறக்கும் அளவுக்கு நான் பெரிய பூதமாக இருந்ததில்லை, அவ்வளவுதான்.

மூத்தோருக்கு வணக்கம், இளையோருக்கு ஆசி, அக்காவின் முழங்காலுக்கு விசேஷ விசாரிப்பு. எல்லா வீட்டுப் பெட்டிகளும் நீலம் காணாமல் நீடூழி ஓடட்டும்.

தங்கள் அன்புக்கும் அதட்டலுக்கும் கட்டுப்பட்ட,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் தங்கை இதை வாங்கிப் படித்தாள். “வேகத்தைக் குறைச்சதுனாலதான் சரியாச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அதைத் திங்கக்கிழமையே பழையபடி ஏத்திட்டேனே” என்றாள். “நாலும் முழு வேகத்துலதான் ஓடுது. தினமும் விளையாடுறேன், ஒண்ணும் ஆகல.” அப்படியானால் கோளாறு எதில்தான் என்று கேட்டேன். ரத்த மாதிரியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். “அதான் எனக்கும் புரியல. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து இங்க மாறாம இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்” என்று, அன்றிலிருந்து நான் தாண்டாத நிலைப்படியைக் காட்டினாள். ஆகவே மேலே சொன்ன தொழில்நுட்ப உண்மையை அடித்துவிடவும். இதை முக்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், அறைக்கு வெளியே.