நூலில் கட்டிய மாலை

நான் சாகல, இருளப்பா. முதல்ல அத மனசுல வாங்கிக்கிட்டு மேல படி. நேத்து போன் அடிச்சு "தம்பி, அக்கா பேசுறேன்"னு சொன்னதும் "முருகா!"ன்னு கத்திட்டு வச்சிட்ட. அதான் கைப்பட எழுதி, மீன் ஏத்த கோலா கெடாவுக்கு வர்ற லோகேஸ்வரன்கிட்ட குடுத்து விடுறேன். நீயும் உன் பொஞ்சாதி பிள்ளைங்களும் மாரியாத்தா புண்ணியத்துல சொகமா இருக்கணும். இங்க பாடாங் செராய்ல நான் சொகம், மூச்சு வருது.

நடந்தத சொல்லிடறேன். நம்ம உமாராணி டீச்சர் இங்க டேவான் மண்டபத்துல தையல் வகுப்பு ஒண்ணு ஆரம்பிச்சுச்சு. பர்மாவுலேர்ந்து ஓடி வந்த ரோஹிங்கியா பொம்பளைங்க, நம்மாளுங்க, எல்லாம் ஒண்ணா. ஆளுக்கொரு போட்டோ குடுக்கணும், அத துணியில அச்சடிச்சு, எங்க போட்டோ மேல அவங்க நூலால தைக்கணும், அவங்களோடதுல நாங்க. எனக்கு ஜோடி சனுவாரா. அவ மலாய்ல அக்கான்னு கூப்பிட்டு என்ன சொன்னா தெரியுமா? "கக்கா, என் மூஞ்சிய மூடித் தைங்க. போலீஸ் பாத்தா அடையாளம் தெரிஞ்சிரும்." கண்ணுல ஊசி குத்த எனக்கு மனசே வரல, ஆத்தாகிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டு கனகாம்பரமா தைச்சு மூடுனேன். என் போட்டோவ அவ யாருக்கும் காட்டல, இருபது நாளு தைச்சா. கண்காட்சி அன்னிக்குப் போய்ப் பாத்தா, அய்யோ, சம்பங்கி மாலை! பூவுல ஒரு இதழ் தப்பல. நம்ம சித்தி மக ரமணி கிட்டப் போயி என் மூஞ்சிய மட்டும் படம் புடிச்சு, ஒரு வார்த்தை எழுதாம குடும்ப வாட்ஸ்அப்புல போட்டுட்டா. மறுநாளு நம்ம சித்தப்பா மவன் ராமையா மலர்வளையத்தோட வந்து நிக்கிறான், நான்தான் கதவத் தொறந்தேன். மயங்கி விழாத கொறை. காப்பி குடுத்து, வளையத்த எடுத்துட்டுப் போடான்னா, "கடையில திரும்ப வாங்க மாட்டான் அக்கா"ங்கிறான்.

தப்பு என்னுதுதான்லா. ஒரு நாளு சனுவாரா வீட்டுக்கு வந்தப்ப, செத்துப்போன உன் மச்சான் படத்துல மாலை எதுக்குன்னு கேட்டா. செத்துட்டாருன்னு சொல்ல வாய் வரல. "நாங்க சாயாங் பண்ற, பாசம் வச்ச ஆளுங்களுக்குப் போடறது"ன்னேன். அவ அத அப்படியே நம்பிட்டா.

விஷயம் தெரிஞ்சதும் உமாராணி கத்திரிக்கோல எடுத்துச்சு. சனுவாரா முந்திக்கிட்டா, "நானே பிரிச்சிடுறேன் கக்கா"ன்னு. "எங்கம்மா படம் ஒண்ணுகூட இல்ல, வீட்டோட எரிஞ்சிருச்சு. இருந்தா அவங்களுக்குப் போட்டிருப்பேன், அதான் உங்களுக்குப் போட்டேன்"ங்கிறா. நான் கத்திரிக்கோலப் புடுங்கி பையில போட்டுட்டேன். அந்த மாலையில ஒரு நூல எவளாவது தொட்டா நடக்கறதே வேறன்னு சொல்லிட்டேன். தீபாவளி வரைக்கும் டேவான்ல தொங்கட்டும். எமன் என்ன தையலப் பாத்தா ஆள் புடிக்கிறான்? உனக்குத்தான் சின்னதுலேர்ந்து பயம். மூஞ்சி என்னுது, உனக்கென்னடா?

கருமாதிக்குச் சாமான் வாங்காத. வரதா இருந்தா நல்ல கருவாடா கொண்டா. தீர்க்காயுசா இரு.

இப்படிக்கு,
உயிரோட இருக்கற உன் அக்கா வாசுகி

பி.கு.: இப்பதான் ஞாபகம் வருது. நான் குடுத்தது உன் கல்யாணத்துல எடுத்த போட்டோ. பக்கத்துல நீ பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிற. மாலை ஒண்ணுதான், ரெண்டு பேரையும் சுத்தித் தைச்சிருக்கா.