மாரமங்கலம் இலவச வாகன நிறுத்துமிடம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் ஏற்காடு ஒண்டிக்கடைச் சந்திப்பில், ஒரு பேக்கரியின் மாடியில் ‘அறிவுச்சுனை’ தொடங்கப்படும்வரை குறிப்பிடும்படி எதையும் செய்யவில்லை.

அறிவுச்சுனை லாப நோக்கமற்ற இணையக் கலைக்களஞ்சியம். உலகில் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் தமிழில், இலவசமாகச் சொல்லும். அதன் தலைவர் ஹேமலதா, பி.இ. பெங்களூரில் பல ஆண்டுகள் மென்பொருள் எழுதியவர். அவர் எழுதிய மென்பொருள் எதுவும் வெளியே வரவில்லை. ஆகவே அதில் ஒரு பிழையைக்கூட எவரும் கண்டதில்லை. இந்தச் சாதனைதான் அவரை எங்களுக்குத் தலைவராக்கியது. ஜெனீவாவில் உரையாற்றியிருக்கிறார். நான் அறிவுச்சுனையில் இரவு ஷிப்டு. பொறியியலைப் பாதியில் விட்டவனுக்கு அறிவைக் காவல் காக்கும் வேலைதான் கிடைக்கும்.

பதவியேற்ற அன்றே ஹேமலதா ஒரு விதியைக் கொண்டுவந்தார். அச்சில் வந்த ஆதாரம் இல்லாமல் எதையும் எழுதக் கூடாது. நேரில் போய்ப் பார்ப்பது ‘சொந்த ஆராய்ச்சி’. அது தண்டனைக்குரியது.

இந்த விதியால்தான் மாரமங்கலம் என்ற மலைக்கிராமத்தைப் பற்றிய எங்கள் பக்கம் அவ்வளவு சிறப்பாக அமைந்தது. கோடையில் வந்த ஒரு டிராவல்ஸ்காரர் அங்கே காலியாகக் கிடந்த அகலமான சிமெண்டுத் தரையைப் பார்த்துவிட்டு, ‘இலவச வாகன நிறுத்துமிடம் உண்டு’ என்று துண்டுப் பிரசுரம் அடித்திருந்தார். அச்சில் வந்ததை நாங்கள் அப்படியே ஏற்றினோம்.

ஜனவரியில், என் ஷிப்டு முடிகிற நேரத்தில், மாரமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஒரு பெண் வந்து மாடியேறினார். பெயர் மாதம்மாள். காப்பித் தோட்டக்காரர்.

“ஏனுங்க, நீங்கதானுங்களே எங்க காப்பி காயவெக்கற களத்தை கார் நிறுத்தற எடம்னு போட்டது?”

“நாங்க போடலீங்க. ஆதாரம் சொல்லுச்சு” என்றார் ஆதாரக் குழுத் தலைவர் கிறிஸ்துதாஸ்.

“யாருங்க அவுரு? கூப்புடுங்க, நான் பேசிக்கிறேன்.”

மடியிலிருந்து ஒரு பிடி காப்பிக்கொட்டையை எடுத்து மேசையில் வைத்தார். “மோந்து பாருங்க. காயப்போட்ட கொட்டை மேல வேன் ஏறி நின்னு, ஒரே டீசல் வாடை. வியாபாரி மூட்டையை அவுத்ததும் மூக்கைப் பொத்திக்கிட்டு போயிட்டான். பாதிப் பழம் இன்னும் செடியில கெடக்குது. அதையும் காயவெக்க எடமில்லைன்னா, இந்த வருசம் எங்க ஊடே காய வேண்டியதுதான்.”

கிறிஸ்துதாஸ் மோந்து பார்க்கக் குனிந்தார்.

“தாஸ்! சொந்த ஆராய்ச்சி!” என்றார் ஹேமலதா. கிறிஸ்துதாஸ் சட்டென்று மூக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இத்தகைய ஒழுக்கத்தை நான் ராணுவத்தைப் பற்றிய பக்கங்களில்கூடப் படித்ததில்லை.

“அது உங்க களம்னு எதுலயாவது அச்சுல வந்திருக்குங்களா?” என்று மாதம்மாளைக் கேட்டார் ஹேமலதா.

“என்ற களம் எதுக்கு அம்மணி அச்சுல வரோணும்? நாந்தான் தெனமும் அதுல நின்னு கொட்டையைக் கிண்டி விடறேன்.”

“நீங்க சம்பந்தப்பட்டவங்க. நீங்க சொன்னா அது பாரபட்சம் ஆயிடும்.”

“நான் சொல்லாம அங்க வந்து நிக்கற காரா சொல்லும்?”

கார்தான் சொன்னது. அடுத்த வாரம் ஒரு மாலைப் பத்திரிகையின் வாசகர் கடிதத்தில் ஒரு சுற்றுலாப் பயணி பொங்கியிருந்தார்: ‘மாரமங்கலம் நிறுத்துமிடம் பராமரிப்பின்றிக் கிடக்கிறது. தரையெல்லாம் காப்பிக்கொட்டை. ஒரு பெண்மணி துடைப்பத்துடன் மிரட்டுகிறார்.’

அச்சில் வந்துவிட்டதே! குழு அவசரமாகக் கூடிப் பக்கத்தை ‘மேம்படுத்தியது’: ‘தரை வழுக்கலாம். காவலாளி உண்டு.’

காவலாளி இருப்பது தெரிந்ததும் வண்டிகள் இரட்டிப்பாயின.

மாதம்மாள் மறுபடியும் வந்தார். இம்முறை ஜீப்பில், மிச்சமிருந்த அறுவடையை மூட்டை கட்டிக்கொண்டு. மாடி ஏறவில்லை. எங்கள் வாசலில், ஹேமலதா கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையில், பழத்தைக் கொட்டிப் பரப்பினார். சற்று நேரத்தில் கார் வந்து ஹாரன் அடித்தது.

“அம்மா, இது எங்க ஆபீஸ் பார்க்கிங்!”

“அப்படின்னு எதுல போட்டிருக்குதுங்க அம்மணி?”

ஹேமலதா போனை எடுத்துத் தேடினார். அவரைப் பற்றிய செய்திகளில் ஜெனீவா இருந்தது. ஒண்டிக்கடை வாசல் ஒன்றிலும் இல்லை.

“நான் தினமும் இங்கதான் நிறுத்தறேன்! தாஸ், நீங்க பார்த்திருக்கீங்கல்ல? சொல்லுங்க!”

படிக்கட்டில் நின்ற கிறிஸ்துதாஸ் தலையைக் குனிந்துகொண்டார். “பார்த்தது செல்லாதுங்க மேடம். அதுவும் நீங்க சம்பந்தப்பட்டவங்க.”

வேறொரு தலைவராக இருந்தால் அங்கேயே விதியைத் தளர்த்தியிருப்பார். ஹேமலதா பொறியாளர். காரைப் பின்னுக்கு எடுத்து, ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம்.

“ஓரமா போ கண்ணு, பழத்தை மிதிச்சறாத” என்றார் மாதம்மாள்.

எங்கள் வாசலில் நொம்ப நல்ல வெயில் என்பது அவர் கருத்து. அச்சில் வராததால் அதை நான் உறுதி செய்ய இயலாது. கொட்டை வாடையில்லாமல் காய்ந்தது, வியாபாரியும் எடுத்துக்கொண்டான். அடுத்த அறுவடைக்கும் இங்கேயே வருவதாக மாதம்மாள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மாரமங்கலம் பக்கத்தில் நாங்கள் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. இனி மாற்ற அவசியமும் இல்லை. அந்தத் தரையில் இப்போது ஒரு கொட்டைகூடக் கிடையாது. கார்கள் மட்டும் நிற்கின்றன. பிழை இருப்பதாக மாதம்மாள் சொன்னது சரிதான். அது அவருடைய களத்தில் இருந்தது. திருத்திவிட்டோம்.