வலது பக்கத்து பாட்டில்

அலமாரியில் பாட்டில்கள் இரண்டு. இரண்டிலும் வெள்ளைப் பொடி. இரண்டிலும் லேபிள் வெறும் காகிதமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

வெளித்தேர்வாளர் வருகிறாரே, அலமாரி பளபளவென்று இருக்கட்டும் என்று காலையில் அசிட்டோனில் துணியை நனைத்துத் துடைத்தது சாட்சாத் வேதியியல் பேராசிரியரேதான். அழுக்கோடு மை எழுத்தும் போய்விட்டது. ஒன்று இன்றைய செய்முறைத் தேர்வுக்கான பென்சாயிக் அமிலம். மற்றது மூன்று வருஷம் குடுவைகளோடு மல்லுக்கட்டி அவர் தயாரித்த புத்தம் புதிய பொருள். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஆராய்ச்சி அறையில் இடமில்லை என்று நேற்றுதான் அதை இங்கே வைத்திருந்தார்.

"வலது பக்கத்து பாட்டில்தானே சார் பரீட்சைக்கு?" என்றார் ஆய்வக உதவியாளர்.

வெளித்தேர்வாளர் பக்கத்திலேயே நின்றார். எது எதுவென்று தெரியாது என்று சொன்னால் பேராசிரியரின் மானம் போய்விடும்.

"ஆமா, அதேதான்."

பொடி ஆளுக்குக் கொஞ்சம் போனது. அது இன்னதென்று கண்டுபிடிப்பதுதான் பரீட்சை. ஒருவன் அதைத் தீயில் காட்டினான், ஒருத்தி அமிலத்தில் கொதிக்கவிட்டாள். எரிவது தன் மூன்று வருஷ உழைப்போ என்று பேராசிரியர் எட்டி எட்டிப் பார்த்தார். உருகுநிலை பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கருவியின் முன் மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். கேள்வி கொடுத்தவரே அந்த வரிசையில் போய் நின்றால் நன்றாகவா இருக்கும்?

இதற்குள் சிலர் பொடி போதவில்லை என்று வந்தார்கள். பத்திரமாகச் செலவழியுங்கள் என்று பேராசிரியர் கையை மூடிக்கொண்டார்.

"ஏன் சார் கஞ்சத்தனம்? தாராளமா கொடுங்க" என்று வெளித்தேர்வாளர் பாட்டிலை வாங்கித் தானே அள்ளிப் போட்டார். அடி தெரிந்தது.

பேராசிரியரால் தாங்க முடியவில்லை. முதல் பெஞ்சில் இருந்த கெட்டிக்காரியிடம் குனிந்து, என்னம்மா வந்தது என்று கேட்டார். அவள் யூரியா என்று இழுத்தாள். அவர் முகம் வெளிறியது.

"இல்ல சார்... பென்சாயிக் ஆசிட்?"

போன உயிர் திரும்பி வந்தது. தலையாட்டினார் பேராசிரியர், ஆட்டியது கடைசி பெஞ்சு வரை தெரிந்தது. அன்று எல்லோரும் ஒரே விடைதான் எழுதினார்கள். இப்படி ஒரு வகுப்பைப் பார்த்ததே இல்லை என்று வெளித்தேர்வாளர் கைகுலுக்கினார்.

பேராசிரியர் இடது பாட்டிலைப் பீரோவில் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். வலது பாட்டிலில் மிச்சமிருந்த சிட்டிகையைக் கொட்டிக் கழுவிவிடச் சொன்னார். கண்டம் தப்பியது என்று மனைவிக்குப் போன் செய்தார். சந்தோஷம் அவருக்குத் தாளவில்லை.

படியிறங்கும்போது முதல் பெஞ்சுக்காரி எதிரே வந்தாள். எப்படியம்மா அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தாய் என்று வாய் நிறையப் பாராட்டினார்.

அவள் கூச்சத்தோடு சொன்னாள்: "நான் எங்க சார் கண்டுபிடிச்சேன்? எந்த டெஸ்ட் பண்ணினாலும் புத்தகத்துல இருக்கிற எதோடயும் ஒத்துப்போகலை. சும்மா ஒவ்வொரு பேரா சொல்லிப் பார்த்தேன், இதுக்குத்தான் நீங்க தலையாட்டினீங்க."