நாலு கம்பித் தியாகராசா

சண்டிலிப்பாய்,
ஆவணி, 1984.

பெருமதிப்புக்குரிய பரமலிங்கம் அத்தானுக்கு,

நானும், மனைவி கமலாவதியும், இன்னும் கலியாணம் ஒன்றும் சரிவராமல் வீட்டோடிருக்கும் மகள் மீனாம்பிகையும், ஆடுகளும் சுகம். ஆடுகளில் ஒன்றுக்கு மட்டும் செருமல். சாம்பியாவில் தாங்களும் அக்காவும் தங்கள் மகள், என் மருமகள் அருந்ததியும் சுகமாயிருக்க எங்கள் ஊர்ப் பிள்ளையாரை மன்றாடுகிறேன். அவருக்கும் இப்போது வேலை கூடத்தான்.

நிற்க. அருந்ததிக்குப் பேசிவந்த மாப்பிள்ளை, 'இடிமுழக்கம்' இசைக்குழுப் பாடகர் நமசிவாயத்தை நேரில் பார்த்து, குணத்தை விசாரித்து எழுதும்படி பணித்திருந்தீர்கள். எங்கடை வாசிகசாலை ஆண்டுவிழாவுக்கு அவை வந்தவை. இப்ப இருட்டினால் ஆர் வெளிக்கிடுறது, அதாலை கச்சேரி பின்னேர வெய்யிலிலை. நமசிவாயம் தலைமயிரைச் சிலுப்பிக்கொண்டு, கித்தாரை ஆமிக்காரன்ரை துவக்கு மாதிரித் தூக்கிக்கொண்டு மேடை முழுக்க ஓடினார். பெட்டையள் கத்தினதிலை என்ரை ஒரு காது இண்டைக்கும் சரியில்லை. சரி, குணத்தை ஆரிட்டை விசாரிக்கிறது? எல்லாரும் துள்ளிக்கொண்டு நிக்கினம். ஸ்பீக்கர்ப் பெட்டிக்குப் பக்கத்திலை மட்டும் ஒருத்தர், பஸ்சுக்கு நிக்கிற ஆள் மாதிரிச் சும்மா நிண்டார். கையிலை கித்தார் இருந்தது, ஆனால் மற்றவைக்கு ஆறு கம்பி, இவருக்கு நாலுதான். ஆளைப் பாத்துத்தான் அளந்து குடுத்திருக்கினம் எண்டு நினைச்சன். நோட்டீசிலையும் பேரில்லை. 'மற்றும் பலர்' எண்டு கிடந்தது. அந்தப் பலரும் இவர் ஒருத்தர்தான்.

மேடைக்குப் பின்னாலை போய், "தம்பி, ஒருக்கா இஞ்சாலை வாரும்" எண்டன்.

"பாட்டு முடியட்டும் ஐயா."

"நீர் வந்தால் என்ன குறையப்போகுது? வாரும்" எண்டு சொல்லி, கையிலை ஆம்பிட்ட வயரைப் பிடிச்சு இழுத்தன். அது கழண்டு வந்திட்டுது.

அத்தான், அதுவரைக்கும் என்ரை நெஞ்சுக்குள்ளை 'தும் தும்' எண்டு ஒண்டு கேட்டுக்கொண்டிருந்தது. பிறஷராக்கும் எண்டு நான் பயந்துபோயிருந்தன். வயர் கழண்டதோடை பிறஷரும் நிண்டுபோச்சு, பாட்டும் கவிண்டுபோச்சு. ட்ரம்ஸ்காரன் ஒரு பக்கம் ஓடுறான், நமசிவாயம் இன்னொரு பக்கம் ஓடுறார், ஆடிக்கொண்டிருந்த பொடியள் தூக்கின காலை எங்கை வைக்கிறதெண்டு தெரியாமல் கொக்கு மாதிரி நிக்கிறாங்கள். வாசிகசாலைத் தலைவர், "ஆரடா பேஸ் கித்தாரை, அத்திவாரத்தைக் கழட்டினது!" எண்டு எழும்பி நிண்டு கத்தினார். நமசிவாயம் மைக்கிலையே, "எந்த விசரன் பிழைவிட்டது?" எண்டு கேட்டார். அந்த விசரன் வயரோடை மேடைக்குப் பின்னாலை குந்திக்கொண்டிருந்தன்.

நாலு கம்பிக்காரர் கையைத் தூக்கி, "நான்தான். வயர் கழண்டிட்டுது" எண்டார். என்ரை பக்கம் திரும்பியும் பாக்கேல்லை. வயரைக் கொழுவி 'தும்' எண்டார். இடம் மாறி ஓடின அவ்வளவும் மாலைக்கு ஆடு பட்டிக்கு வாறமாதிரி வரிசைக்கு வந்திட்டுது.

கச்சேரி முடிய நமசிவாயம் கார் ஏறிப் போனார், பெட்டையள் பின்னாலை ஓடிச்சினம். இவர் இருந்து வயர் சுத்தினார். பேர் தியாகராசாவாம், பள்ளிக்கூடத்திலை கணக்கு வாத்தியார், இன்னும் கலியாணம் இல்லை. "நமசிவாயம் எப்பிடித் தம்பி?" எண்டு கேட்டன். "நல்லாப் பாடுவான் ஐயா" எண்டார். "ஆள் எப்பிடி?" எண்டன். கொஞ்சம் யோசிச்சு, "நல்லாப் பாடுவான்" எண்டார் திரும்பவும்.

இதுக்குமேலை என்ன விசாரணை அத்தான்? அருந்ததிக்கு நமசிவாயம் வேண்டாம். தியாகராசாவைக் கேப்பம். தாய்மாமன் சொல்லுறன், துணிஞ்சு எழுதுங்கோ. அக்காவுக்கு என் வணக்கம், மருமகளுக்கு நிறைந்த ஆசி, தங்கள் காலுக்கு அங்கத்தைக் குளிர் ஏறாதிருக்க ஒரு பிரார்த்தனை.

இங்ஙனம்,
தங்கள் சொல் தட்டாத மைத்துனன்,
கனகசபாபதி.

பி.கு.: ஒட்ட முன்னம் கமலாவதி கடிதத்தை வாசிச்சுப்போட்டா. "வளந்த பிள்ளையை வீட்டிலை வைச்சுக்கொண்டு, இப்பிடி ஒரு பொடியனைச் சாம்பியாவுக்கோ அனுப்பப்போறியள்?" எண்டு கேட்டுவிட்டு, தியாகராசாவின்ரை சாதகம் வாங்க இப்பவே குடையோடை வெளிக்கிட்டிட்டா. ஆகையால் அத்தான், மேலே எழுதியதெல்லாம் வெய்யில் குடிச்ச மூளை எழுதினது. நமசிவாயம் தங்கமான பொடியன். என்ன குரல், என்ன தலைமயிர்! யோசிக்காமல் முடியுங்கோ. ஆறு கம்பிக்குக் குறைஞ்ச ஒருத்தனுக்கு எங்கடை அருந்ததியைக் குடுக்க என்ரை மனம் ஒப்பாது.